ப்ளோயரைக் கிளப்பும் முறை: துருத்தி முதல் டர்போ வரை

ப்ளோயரைக் கிளப்பும் முறை எந்திரத்துக்கு எந்திரம் மாறும். ரூட்ஸ் வகை ப்ளோயரை, காற்று வெளியேறும் பக்கத்து வால்வு திறந்திருக்கும்போதுதான் கிளப்ப வேண்டும். மையவிலக்கு விசிறியைக் கிளப்பும்போது டாம்பரை, அதாவது காற்று வழியை அடைக்கும் தகட்டை, மூடி வைக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் ஒன்றில் மோட்டார் கருகும், மற்றதில் உறையே விரிசல் விடக்கூடும். காற்றூதும் எந்திரங்கள் எந்த வரிசையில் தோன்றின, ஒவ்வொன்றும் காற்றை எப்படித் தள்ளுகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த வேறுபாட்டின் காரணம் புரியும்.

கொல்லன் உலையின் தோல் துருத்திக்கும் முன்சோதனை இருந்தது. தோல் காய்ந்து வெடித்திருந்தால் காற்று கசியும். உள்ளிழுக்கும் மடல் சரியாக மூடாவிட்டால் அனல் துருத்திக்குள்ளேயே இழுபடும். காற்று இடைவிடாமல் போகவேண்டும் என்பதற்காக இரண்டு துருத்திகளை மாற்றி மாற்றி மிதித்தார்கள். சீனாவில் கி.பி. 31-இல் நான்யாங் பகுதியின் நிர்வாகி து ஷி, இரும்பு உருக்கும் உலைகளின் துருத்திகளை நீர்ச்சக்கரத்தால் இயக்கினார். இலங்கையின் சமனலவெவப் பகுதியில் துருத்தியே இல்லாமல், பருவக்காற்று நேராக மோதும் மேற்குச் சரிவுகளில் உலை கட்டி இரும்பு உருக்கியதைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் 1990-களில் நிறுவினார். அங்கே உலை எப்போது எரியும் என்பதைக் காற்றுதான் தீர்மானித்தது.

18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் தோல் போய் வார்ப்பிரும்பு வந்தது. 1760-களில் ஜான் ஸ்மீட்டன் ஸ்காட்லாந்தின் கேரன் இரும்பாலைக்குப் பிஸ்டன் ஓடும் ஊதுருளைகளை அமைத்தார். 1776-இல் ஜான் வில்கின்சன் தம் ஊதுலைக்குக் காற்றுத் தர ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்தைப் பூட்டினார். காற்றின் அளவும் அழுத்தமும் பெருகின, கூடவே ஒரு புதிய ஆபத்தும் வந்தது. உலைக்குள் இருப்பது கார்பன் மோனாக்சைடு நிறைந்த வாயு. ப்ளோயர் ஓடும்வரை காற்றின் அழுத்தம் அதை உள்ளேயே நிறுத்தி வைக்கும். ப்ளோயர் நின்றால் அந்த வாயு ட்யூயர் எனப்படும் காற்றுத் துளைகள் வழியாகக் குழாய்க்குள் பின்னோக்கி வந்து, அங்கிருக்கும் காற்றோடு கலந்துவிடும். யாராவது ப்ளோயரை மறுபடி கிளப்பினால் அந்தக் கலவை உலையை அடைந்து வெடிக்கும். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகள் நெடுங்காலம் நம்பியிருந்த குபோலா உலைக்கும் இதே ஆபத்து உண்டு. ப்ளோயரை நிறுத்தியதும் ட்யூயர் மூடிகளைத் திறந்துவிட வேண்டும், காற்று மறுபடி பாயத் தொடங்கிய பிறகே மூட வேண்டும் என்ற விதி இதிலிருந்து வந்தது. உயிர்கள் போன பிறகு எழுதப்பட்ட விதி என்பதால், அவசரம் என்று சொல்லி இதை ஒருநாளும் தாண்டக் கூடாது.

ரூட்ஸ் ப்ளோயரின் பிறப்பு தற்செயலானது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரில் கம்பளி ஆலை நடத்திய ஃபிலாண்டர் ரூட்ஸ், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் 1850-களில் தங்கள் ஆலைக்கு மேலான நீர்ச்சக்கரம் ஒன்றைச் செய்ய முயன்றார்கள். ஓர் உறைக்குள் எட்டு வடிவ மரச்சுழலிகள் இரண்டை எதிரெதிராகச் சுழலவிட்டார்கள். மரம் தண்ணீரில் ஊறி உப்பிச் சிக்கிக்கொண்டது. உலர்ந்தபின் சுழற்றியபோது அது பலமாகக் காற்றை ஊதியது என்று சொல்வார்கள். 1860-இல் காப்புரிமை வாங்கினார்கள். 1870-இல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் பீச் பூமிக்கடியில் ஓட்டிக் காட்டிய காற்றழுத்த ரயிலைத் தள்ளியதும் ரூட்ஸ் ப்ளோயர்தான்.

இன்றைய ரூட்ஸ் ப்ளோயரின் சுழலிகள் இரும்பில் ஆனவை. அவை ஒன்றையொன்று தொடுவதில்லை, உறையையும் தொடுவதில்லை. இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளியே உள்ள டைமிங் கியர்கள்தான் அந்த இடைவெளியைக் காக்கின்றன. கிளப்புமுன் தண்டைக் கையால் முழுச்சுற்று சுற்றிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். எங்காவது உராய்ந்தால், ஒரு புள்ளியில் மட்டும் கனத்தால், உள்ளே துருவோ தூசோ வெல்டிங் சிதறலோ இருக்கிறது, அல்லது கியர் இடம் மாறியிருக்கிறது. மோட்டார் இதைச் சொல்லாது. அது இழுத்து உடைத்துவிடும். கை உணர்ந்துவிடும்.

இந்த எந்திரம் ஒரு சுற்றுக்கு ஒரே அளவு காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வெளிவழி மூடியிருந்தாலும் தள்ளும். அழுத்தம் ஏற ஏற மோட்டாரின் சுமையும் ஏறும், காற்றும் சூடாகும். உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் வேறுபாடு 1 பார் அளவை நெருங்கினாலே வெளிவரும் காற்று 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். சுழலி உறையைவிட வேகமாக விரிவதால் அந்தச் சிறு இடைவெளி அடைபட்டு எந்திரம் இறுகிப்போகும். ஆகவே வால்வைத் திறந்து வைத்துச் சுமையின்றிக் கிளப்பி, வேகம் எட்டியபிறகே அழுத்தத்தை ஏற்றுவது வழக்கம். பாதுகாப்பு வால்வுக்கும் ப்ளோயருக்கும் இடையே அடைக்கக்கூடிய வால்வு எதையும் வைக்கக் கூடாது.

மையவிலக்கு விசிறியின் மரபு இதைவிடப் பழையது. 1556-இல் வெளியான அக்ரிகோலாவின் சுரங்க நூலில் காற்றோட்ட விசிறிகளின் படங்கள் உள்ளன. 1730-களில் டெசகுலியேர் லண்டன் நாடாளுமன்றத்தின் காற்றை மாற்ற ஒரு விசிறிச் சக்கரம் அமைத்தார், அதை ஓர் ஆள் கையால் சுற்ற வேண்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் கீபால் செய்த பெருவிசிறிகள் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் புகுந்தன. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரான்சின் ரேட்டோ பல கட்ட டர்போ ப்ளோயர்களைச் செய்தார். இவ்வகையில் காற்று அதிகம் போகப்போக மோட்டாரின் சுமை கூடும், அடைத்தால் குறையும். அதனால்தான் டாம்பரை மூடிக் கிளப்புகிறார்கள். ஆனால் டர்போ ப்ளோயரை அடைத்தே வைத்திருக்கவும் முடியாது. ஓட்டம் ஓர் அளவுக்குக் கீழே போனால் காற்று முன்னும் பின்னுமாகப் புரண்டு உறுமும். இதற்கு சர்ஜ் என்று பெயர். பேரிங்கையும் சுழலியையும் சில நிமிடங்களில் கெடுக்க அது போதும். உறிஞ்சும் பக்கத்தைக் கிட்டத்தட்ட மூடி, வெளிப்பக்கத்தில் பைபாஸைத் திறந்துவிட்டுக் கிளப்பும் முறை இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவே கண்டுபிடித்த வழி.

1890-களில் மூன்று பேஸ் மோட்டார் பரவியபோது, கிளப்பும் முறை எழுதிய அட்டையில் இன்னொரு வரி சேர்ந்தது: சுற்றும் திசை பார். மூன்று ஒயர்களில் ஏதேனும் இரண்டை மாற்றி இணைத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். ரூட்ஸ் ப்ளோயரில் இது உடனே தெரியும், ஊத வேண்டிய குழாயிலிருந்து உறிஞ்சும். மையவிலக்கு விசிறி ஏமாற்றும். திசை தவறினாலும் காற்று சரியான பக்கமே வரும், அளவு மட்டும் குறையும். மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல் போவது இதுதான். புதிதாக இணைத்தபின் கணப்பொழுது மட்டும் ஓடவிட்டு அம்புக்குறியோடு ஒப்பிடும் பழக்கம் இதற்கானது.

1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் இருவரும் கழிவுநீரில் காற்றூதிச் சுத்திகரிக்கும் முறையை அறிவித்தார்கள். அன்றிலிருந்து ப்ளோயர்கள் இரவும் பகலும் ஓடும் எந்திரங்களாயின. திருப்பூர் சாயக்கழிவு நிலையங்களிலும் வாணியம்பாடித் தோல் கழிவு நிலையங்களிலும் ஒரே குழாயில் பல ப்ளோயர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றின் நான்-ரிட்டர்ன் வால்வு பழுதானால் ஓடும் ப்ளோயரின் காற்று நின்றிருப்பதைப் பின்னோக்கிச் சுழற்றும். அந்த நிலையில் ஸ்விட்சைப் போட்டால் தண்டு முறுக்கிக்கொள்ளும். தண்டு அசையாமல் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தபிறகே கிளப்ப வேண்டும். பெல்ட்டையோ கப்ளிங்கையோ தொடுவதென்றால் மெயின் ஸ்விட்சை நிறுத்திப் பூட்டி, சாவியை அந்த வேலையைச் செய்பவரே வைத்திருக்க வேண்டும்.

ஓடத் தொடங்கியபின் பேரிங் வெப்பம், ஆம்பியர், அழுத்தம், அதிர்வு ஆகியவற்றைக் குறித்து வைப்பார்கள். அதிர்வு வெகுகாலம் உள்ளங்கையின் தீர்ப்புக்கே விடப்பட்டிருந்தது, 1939-இல் டி. சி. ராத்போன் வெளியிட்ட அட்டவணைதான் எவ்வளவு அதிர்வு தாங்கக்கூடியது என்பதற்கு அளவு தந்தது. இன்று காற்றுப்படலத்தில் மிதக்கும் ஃபாயில் பேரிங்குகள் கொண்ட அதிவேக டர்போ ப்ளோயர்கள் வந்துள்ளன. இவற்றுக்கு எண்ணெய் தேவையில்லை. ஆனால் குறிப்பிட்ட வேகம் வரும்வரை தண்டு பேரிங்கை உரசிக்கொண்டேதான் சுழலும். தேய்மானம் நடப்பது கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் மட்டுமே. அதனால் இவற்றில் ஓடிய மணிநேரத்தோடு எத்தனை முறை கிளப்பப்பட்டது என்பதையும் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள்.