கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கும் பாடம்

1847 மார்ச் 1ஆம் தேதி. பாரிஸ் அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் கணிதவியலாளர் கப்ரியேல் லாமே எழுந்து, ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக அறிவித்தார். இரண்டு வர்க்க எண்களைக் கூட்டினால் இன்னொரு வர்க்க எண் வரலாம். 9ம் 16ம் சேர்ந்தால் 25. ஆனால் கன எண்களிலோ அதற்கு மேற்பட்ட அடுக்குகளிலோ அப்படி ஒருபோதும் நடக்காது என்பதுதான் அந்தத் தேற்றம். இரண்டு நூற்றாண்டுகளாக யாருக்கும் முழுதாகப் பிடிபடாமல் கிடந்த விஷயம்.

லாமேயின் வழி அழகானது. ஒரு வட்டத்தைச் சம பங்குகளாக வெட்டும் புள்ளிகளிலிருந்து புதுவகைக் கலப்பெண்களை உருவாக்கலாம். அவற்றின் துணையோடு இரண்டு அடுக்குகளின் கூட்டலை ஒரு பெருக்கலாக உடைத்துவிடலாம். அப்புறம், பள்ளிக்கூடத்தில் 60ஐ 2×2×3×5 என்று உடைப்பதுபோல எல்லாவற்றையும் பகாக் காரணிகளாகப் பிரித்து, முரண்பாட்டைக் காட்டினால் முடிந்தது.

அதே கூட்டத்தில் ஜோசப் லியூவில் எழுந்து கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். சாதாரண எண்களில் பகாக் காரணிகள் ஒரே ஒரு விதமாகத்தான் அமையும். சரி. இந்தப் புதிய எண்களிலும் அப்படியே அமையும் என்று எப்படித் தெரியும்?

தெரியாது. மே 24ஆம் தேதி அதே கழகத்தில் ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது. எழுதியவர் பிரெஸ்லாவில் பேராசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் கும்மர். அந்தப் புதிய எண்களில் ஒரே விதமான காரணிப்படுத்தல் பொதுவாகச் செல்லாது. வட்டத்தை 23 பங்காக்கும்போது உடைந்துவிடுகிறது. இதை நான் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பிரசுரித்துவிட்டேன். இதுதான் சாரம். லாமேயின் நிரூபணம் அங்கேயே சரிந்தது.

இன்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் ‘வளையங்களும் மாட்யூல்களும்’ என்ற பாடத்தை எடுக்கும் மாணவர் உண்மையில் இந்தச் சரிவின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அதை யாரும் சொல்வதில்லை. முதல் வாரமே கரும்பலகையில் வரையறை வந்துவிடும்: ஒரு கணம், அதில் கூட்டல், பெருக்கல், அவற்றுக்கு இத்தனை விதிகள், இதன் பெயர் வளையம். அடுத்த வாரம் ஐடியல். அதற்கடுத்து மாட்யூல். எதற்கு என்று கேட்டால், போகப் போகப் புரியும் என்பார்கள். செமஸ்டர் முடியும்வரை பலருக்கும் அந்த ‘போகப் போக’ வருவதே இல்லை. நமக்கு மூளை போதவில்லை என்று நினைத்துக்கொண்டு விலகிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூளை போதாமல் அல்ல. கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கக் கொடுத்தால் யாருக்குத்தான் புரியும்?

இலக்கியம் முதலில், இலக்கணம் பிறகு என்று நம் தமிழாசிரியர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். அல்ஜீப்ரா வகுப்பில் மட்டும் இலக்கியமே இல்லாமல் இலக்கணம் நடத்துகிறோம். அந்த இலக்கியம் என்ன என்று பார்க்கலாம்.

உடைதல் என்றால் என்ன என்பதை ஒரு சின்ன விளையாட்டில் காட்டிவிடலாம். 4ஆல் வகுத்தால் 1 மீதி வரும் எண்கள் மட்டுமே இருக்கும் ஓர் உலகத்தைக் கற்பனை செய்யுங்கள்: 1, 5, 9, 13, 17, 21 என்று போகும். இதில் எந்த இரண்டைப் பெருக்கினாலும் இதே உலகத்துக்குள்தான் விடை வரும். இங்கே 9ஐ மேலும் உடைக்க முடியாது, ஏனென்றால் 3 இந்த ஊர்க்காரர் அல்ல. 21ஐயும் 49ஐயும்கூட உடைக்க முடியாது. இப்போது 441ஐப் பாருங்கள். அது 9×49. அதே 441, 21×21ம் கூட. உடைக்கவே முடியாத எண்களைக்கொண்டு ஒரே எண்ணை இரண்டு விதமாகக் கட்டிவிட்டோம்.

வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு மர்மம் எதுவுமில்லை. 3, 7 என்று இரண்டு எண்கள் இந்த உலகத்துக்கு வெளியே நிற்கின்றன. 9 என்பது 3×3, 49 என்பது 7×7, 21 என்பது 3×7. அவை இரண்டையும் உள்ளே கூப்பிட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கும்மர் செய்தது கிட்டத்தட்ட இதுதான். தன் எண்ணுலகத்தில் காரணிகள் குழம்பும்போது, கண்ணுக்குத் தெரியாத சில எண்கள் பின்னால் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கைச் சரிசெய்தார். அவற்றுக்கு ‘ஐடியல் எண்கள்’ என்று பெயர் வைத்தார். இந்த வழியில் அவர் ஃபெர்மாவின் தேற்றத்தை வெகுதூரம் தள்ளிக்கொண்டு போனார். 100க்குக் குறைவான பகா அடுக்குகளில் அவர் முறைக்கு அடங்காமல் நின்றவை 37, 59, 67 மூன்று மட்டுமே.

ஆனால் ஒரு நெருடல் இருந்தது. விளையாட்டில் 3 எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். கும்மரின் எண்கள் எங்கே இருக்கின்றன? பேய் மாதிரி, அவை செய்யும் வேலை தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

ரிச்சர்ட் டெடகிண்டுக்கு இது பிடிக்கவில்லை. 1871ல், தன் ஆசிரியர் டிரிக்லேயின் எண்கோட்பாட்டு விரிவுரைகளின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய பின்னிணைப்பில் அவர் ஒரு தீர்வு சொன்னார். பேய் தெரியாவிட்டால் போகட்டும், அது யாரையெல்லாம் பிடித்திருக்கிறது என்று பட்டியல் எடுக்கலாமே? விளையாட்டு உலகத்தில் 3 கிடையாது. ஆனால் 3ஆல் வகுபடுகிறவர்கள் இருக்கிறார்கள்: 9, 21, 33, 45, 57... இந்தக் கூட்டத்தையே 3க்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத எண்ணின் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் எண்களின் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு அவர் இட்ட பெயர்தான் ‘ஐடியல்’.

நம் விளையாட்டு உலகத்தில் கூட்டல் இல்லை. 5ம் 9ம் சேர்ந்தால் 14, அது வெளியே போய்விடும். டெடகிண்டின் உலகங்களில் கூட்டலும் உண்டு. முழு எண்களோடு −5இன் வர்க்கமூலத்தைச் சேர்த்தால் கிடைப்பது அப்படி ஓர் உலகம். அங்கே 6ஐ 2×3 என்றும் எழுதலாம், (1+√−5)×(1−√−5) என்றும் எழுதலாம். இந்த நான்கில் எதையும் மேலும் உடைக்க முடியாது. இங்கேயும் பின்னால் பேய்கள் இருக்கின்றன.

இப்போது பாடப்புத்தகத்தைத் திறந்து ஐடியலின் வரையறையைப் பாருங்கள். இரண்டு நிபந்தனைகள் இருக்கும். கூட்டத்திலுள்ள இருவரைக் கூட்டினால் கூட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். கூட்டத்திலுள்ள ஒருவரை வளையத்தின் எந்த எண்ணால் பெருக்கினாலும் கூட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். வானத்திலிருந்து விழுந்த மாதிரித் தோன்றும். ஆனால் ‘ஏதோ ஒன்றால் வகுபடுவது’ என்பதன் குணமே இதுதான். 3ஆல் வகுபடும் இரண்டு எண்களைக் கூட்டினால் விடையும் 3ஆல் வகுபடும். ஒன்றை எதனால் பெருக்கினாலும் 3ஆல் வகுபடும். டெடகிண்ட் அந்த 3ஐ நீக்கிவிட்டுக் குணத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

‘வளையம்’ என்ற பெயர் இன்னும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 1897ல் டேவிட் ஹில்பர்ட் எண்கோட்பாடு பற்றி எழுதிய பெரிய அறிக்கையில்தான் அந்தச் சொல் வருகிறது. அதற்கான பொது விதிகளை ஆபிரகாம் ஃபிராங்கெல் 1914ல் எழுதினார்; இன்றைய விதிகளைவிட அவை கொஞ்சம் இறுக்கமானவை. லாமேயின் அறிவிப்புக்கும் அந்த விதிகளுக்கும் இடையில் 67 ஆண்டுகள். வகுப்பில் அது முதல் மணி நேரம்.

அடுத்து வருகிறவர் எம்மி நோதர். 1882ல் எர்லாங்கனில் பிறந்தவர். 1907ல் பவுல் கோர்டானிடம் முனைவர் பட்டம் பெற்றார். கோர்டான் கணக்குப் போட்டே எதையும் தீர்ப்பவர். நோதரின் ஆய்வேடும் அதே ரகம், 331 நீண்ட சூத்திரங்களின் பட்டியலில் போய் முடியும். பிற்காலத்தில் அந்த ஆய்வேட்டை அவரே மதிக்கவில்லை. பட்டம் வாங்கியபின் சுமார் ஏழு ஆண்டுகள் எர்லாங்கனில் சம்பளமில்லாமல் வேலை செய்தார். 1915ல் ஹில்பர்ட்டும் ஃபெலிக்ஸ் க்ளைனும் அவரைக் கோட்டிங்கனுக்கு அழைத்தார்கள். பெண் என்பதால் அங்கே விரிவுரையாற்றும் தகுதி 1919வரை கிடைக்கவில்லை. அதுவரை அவருடைய வகுப்புகள் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன. 1922ல் பேராசிரியர் என்ற பட்டம் வந்தது, சம்பளம் வரவில்லை. அடுத்த ஆண்டு கற்பித்தலுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கினார்கள்.

1921ல் அவர் எழுதிய கட்டுரை வளையங்களின் ஐடியல்களைப் பற்றியது. அதற்கு முன்பு, 1905ல், பல்லுறுப்புக் கோவைகளின் ஐடியல்களை உடைப்பது எப்படி என்று ஒருவர் கடினமான வழியில் நிரூபித்திருந்தார். அவர் இமானுவேல் லாஸ்கர். ஆமாம், 1894லிருந்து 1921வரை உலகச் சதுரங்க வெற்றியாளராக இருந்த அதே லாஸ்கர். நோதர் அந்த நிரூபணத்தைப் பார்த்துக் கேட்டது இதைத்தான்: இதற்கெல்லாம் பல்லுறுப்புக் கோவை எதற்கு? உண்மையில் எந்த ஒரு குணம் இந்த வேலையைச் செய்கிறது?

விடை மிக எளிமையாக இருந்தது. 60இன் மடங்குகள் 30இன் மடங்குகளுக்குள் அடங்கும். அவை 15இன் மடங்குகளுக்குள், அவை 5இன் மடங்குகளுக்குள், கடைசியில் எல்லா எண்களுக்குள்ளும் அடங்கும். இந்த ஏணி முடிவில்லாமல் மேலே போகாது; எங்கேயாவது நிற்கும். ஐடியல்களின் ஏணி எப்போதும் நின்றுவிடும் என்ற ஒரே நிபந்தனை போதும், லாஸ்கரின் முடிவு தானாக வந்துவிடும் என்று காட்டினார். 331 சூத்திரங்களை எழுதிய கை இது.

மாட்யூல் என்ற சொல்லும் டெடகிண்டிடம் இருந்தது, எண்களின் ஒருவகைக் கூட்டத்துக்குப் பெயராக. நோதர் அதை விரித்தார். பொறியியல் படித்தவர்களுக்கு வெக்டர் தெரியும்: அம்புகளைக் கூட்டலாம், எண்களால் நீட்டலாம், சுருக்கலாம். நீட்டும் எண்கள் வகுத்தல் உத்தரவாதம் இல்லாத ஒரு வளையத்திலிருந்து வந்தால் அது மாட்யூல். சின்ன மாற்றம்தான், ஆனால் உலகமே மாறிவிடும். கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 12ஐப் பூஜ்யம் என்று வையுங்கள். 4 மணியை 3ஆல் பெருக்கினால் 12, அதாவது ஒன்றுமில்லை. பூஜ்யமல்லாத அம்பைப் பூஜ்யமல்லாத எண்ணால் பெருக்கி மறையவைப்பது வெக்டர்களில் நடக்காது. மாட்யூல்களில் சாதாரணமாக நடக்கும். ஐடியல்கள், வெக்டர் வெளிகள், குலங்களின் உருவமைப்புகள் என்று தனித்தனியாகக் கிடந்தவற்றை 1920களின் இறுதிக்குள் நோதர் இந்த ஒரு கருத்தின் கீழ் கொண்டுவந்தார்.

கோட்டிங்கனில் அவர் விரிவுரைகளைக் கேட்டவர்களில் ஒருவர் பார்டெல் வான் டெர் வார்டன். நோதர், எமில் ஆர்ட்டின் இருவரின் விரிவுரைகளையும் கொண்டு 1930லும் 1931லும் ‘நவீன அல்ஜீப்ரா’ என்ற நூலை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். குலம், வளையம், களம் என்று வரையறையிலிருந்து தொடங்கும் இன்றைய பாடத்திட்டம் பெருமளவுக்கு அந்த நூல் போட்ட பாதை.

எனக்கு இங்கேதான் ஒரு முரண் தெரிகிறது. நோதர் எப்போதும் பின்னால் திரும்பிப் பார்த்தவர். எல்லாம் டெடகிண்டிடமே இருக்கிறது என்று மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். 1930களின் தொடக்கத்தில் வெளிவந்த டெடகிண்டின் தொகுப்பு நூல்களைப் பதிப்பித்தவர்களில் அவரும் ஒருவர். பழைய நிரூபணங்களைத் தோண்டி, எது உண்மையில் வேலை செய்கிறது என்று கேட்டுத்தான் அவர் அருவமாக்கினார். அவர் தந்த முடிவுகள் மிகத் தெளிவாக இருந்ததால், அவர் வந்த வழி யாருக்கும் தேவைப்படாமல் போனது. நாம் அவர் எழுதிய விடையைப் படிக்கிறோம், அவர் படித்த முறையில் படிப்பதில்லை.

1933 ஏப்ரலில் நாஜி அரசு, யூதரான நோதரைப் பணியிலிருந்து நிறுத்தியது. கொஞ்சகாலம் வீட்டிலேயே பாடம் நடத்தினார். பிறகு அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரிக்குப் போனார். 1935 ஏப்ரல் 14ல், ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, 53 வயதில் இறந்தார்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். குவாண்டம் கணினி வந்தாலும் உடையாத ரகசியக் குறியீட்டுமுறை வேண்டும் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் பல ஆண்டுகள் போட்டி நடத்தி, 2024 ஆகஸ்டில் ஒரு தரத்தை வெளியிட்டது. சுருக்கப் பெயர் எம்எல்-கெம். அதில் ‘எம்’ என்பது மாட்யூல். அதே ஆண்டு குரோம் உலாவி அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. வெறும் எண்களை வைத்துச் செய்தால் சாவிகள் பெரிதாகிவிடும். ஒற்றை வளையத்தில் செய்தால் சிறிதாகும், ஆனால் பாதுகாப்பைக் கூட்ட வளையத்தையே மாற்ற வேண்டியிருக்கும். மாட்யூலில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே வளையத்தை வைத்துக்கொண்டு அதிலிருந்து 2, 3 அல்லது 4 உறுப்புகளை அடுக்கினால் மூன்று பாதுகாப்பு நிலைகள் கிடைக்கின்றன.

அந்த வளையம் எது தெரியுமா? வட்டத்தை 512 சம பங்குகளாக வெட்டும் புள்ளிகளிலிருந்து பிறப்பது. அதன் எண்கள் மட்டும் 3329ஐத் தொட்டதும் கடிகாரம் மாதிரிச் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பங்குகளின் எண்ணிக்கை வேறு, குடும்பம் அதேதான். 1847ல் லாமே நம்பிக்கையோடு கையில் எடுத்து, கும்மர் எங்கே உடைகிறது என்று காட்டிய அதே குடும்பம்.