வெளிநாட்டில் ஓட்டிய காரை ஊருக்குக் கொண்டுவர வரி எவ்வளவு?

ஆண்டர்சன்பேட்டை: வளைகுடா நாடுகளில் பணியாற்றிவிட்டுக் கோலார் தங்கவயலுக்குத் திரும்புவோர், அங்கு பயன்படுத்திய காரையும் உடன் கொண்டுவர விரும்பினால், வரிக் கணக்குக்கு முன்பு ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வளைகுடாவில் ஓடுபவை இடப்பக்க ஸ்டீயரிங் கொண்டவை. பயன்படுத்திய கார்களைப் பொறுத்தவரை, வலப்பக்க ஸ்டீயரிங் உள்ளவற்றுக்கு மட்டுமே வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் விதிகள் அனுமதி அளிக்கின்றன. எனவே, வரி செலுத்த முன்வந்தாலும் பயனில்லை.

சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் கார்களுக்கு இச்சிக்கல் இல்லை. ஆனால், தயாரித்து 3 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும் (பிரிட்டனில் மைல் கணக்கே வழக்கம்). மும்பை துறைமுகம் வழியாகவே இறக்க வேண்டும்.

நாடு திரும்புவோரின் வீட்டு உபயோகப் பொருள்களுக்குச் சுங்கச் சலுகை உண்டு. கார் அதில் சேராது என்பதைப் பலர் துறைமுகத்தில்தான் அறிகின்றனர்.

கப்பல் கட்டணம், காப்பீடு உள்பட ரூ.10 லட்சம் மதிப்புள்ள பெரிய கார் என்றால், சுங்கத் தீர்வைகள் 137.5 சதவீதம், அதாவது ரூ.13.75 லட்சம். இரண்டும் சேர்ந்த ரூ.23.75 லட்சத்தின் மீது 40 சதவீத ஜிஎஸ்டி ரூ.9.50 லட்சம். ஆக, வரி மட்டும் ரூ.23.25 லட்சம். சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்.

இவை தவிர, கர்நாடகத்தில் பதிவு செய்யும்போது மாநில அரசின் ஆயுள்கால வரியும் தனியாகச் செலுத்த வேண்டும்.