ஸ்பீடு பிரேக்கருக்குப் பின்னால ஒரு நோபல் விஞ்ஞானி

போன மாசம் எங்க அம்மாவை ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார வெச்சு, போத்தனூர் ஸ்டேஷன் பக்கம் போயிட்டிருந்தேன். ஒரு சந்து முனையில புதுசா ஸ்பீடு பிரேக்கர். பெயிண்ட் இல்ல, போர்டு இல்ல, தெருவிளக்கும் எரியல. முப்பதுலதான் போனேன், தூக்கிப் போட்டுருச்சு. அம்மாவுக்கு இடுப்புவலி இன்னும் போகல.

அந்தத் தெருக்காரங்களையும் குறை சொல்ல முடியாதுங்க. ஸ்கூல் பசங்க நடக்கிற தெரு. போலீஸ் எந்நேரமும் அங்கேயே நிக்க முடியுமா? ஜல்லியும் தாரும் கொட்டி மேடு போட்டுட்டாங்க.

இந்த யோசனை ரொம்பப் பழசு. அமெரிக்காவின் நியூஜெர்சியில் சாத்தம் என்ற ஊரில், 1906-லேயே, ஜனங்கள் சாலையைக் கடக்கும் இடத்தை ஐந்து அங்குலம் உயர்த்திப் பார்த்தார்கள். கார்னா என்னன்னே பாதிப் பேருக்குத் தெரியாத காலம் அது!

அடுத்து வர்றவர்தான் சுவாரசியம். ஆர்தர் ஹோலி காம்ப்டன். 1927-ல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். ஃபிசிக்ஸ் புத்தகத்துல படிச்ச 'காம்ப்டன் விளைவு' இவரோடதுதான். செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குத் தலைவரா இருந்தப்போ, வளாகத்துக்குள்ள கார்கள் பறக்கிறதைப் பார்த்து, 1953-ல் அவரே மேடு வடிவமைச்சார்.

ஆனா, எந்த அளவுல மேடு போடணும்? 1970-களில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் இதைச் சோதித்தார். மேடு குட்டையா இருந்தா, வேகமாப் போகும்போது சக்கரமும் ஸ்பிரிங்கும் அடியை வாங்கிக்கும். உள்ளே இருக்கிறவருக்குக் குலுங்கல் குறைஞ்சிடும். அதாவது, கார்ல வேகமாப் போறவனுக்குப் பரிசு, ஸ்கூட்டர்ல மெதுவாப் போற அம்மாவுக்குத் தண்டனை. எங்க பாஷையில சொன்னா, இது பக் உள்ள கோட். நீளமான மேடுன்னா கதை தலைகீழ்: வேகம் கூடக்கூட குலுக்கலும் கூடும். அப்படி வந்ததுதான் சுமார் 12 அடி நீளம், 4 அங்குல உயரம்.

நம்ம நாட்டுல இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட ஐஆர்சி 99 வழிகாட்டியிலும் அதே அளவுதான் இருந்தது. 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்துல கடக்கிற மாதிரி. கருப்பு வெள்ளைப் பட்டை அடிக்கணும், 40 மீட்டர் முன்னாடியே எச்சரிக்கைப் பலகை வைக்கணும்னு அதுல இருந்தது. 37 மீட்டர்ல இருந்தா கூட நான் சந்தோஷப்படுவேன், அது வேற விஷயம்.

போன ஞாயித்துக்கிழமை டேப் எடுத்துட்டுப் போய் அந்த மேட்டை அளந்தேன். நீளம் ஒண்ணரை அடி, உயரம் அஞ்சரை அங்குலம். வேடிக்கை பார்த்துட்டிருந்த பெரியவர்கிட்ட விவரம் சொன்னேன். ஃபோன்ல படமும் காட்டினேன். பொறுமையாக் கேட்டுட்டு, "பன்னெண்டு அடியா கண்ணு? அப்ப எங்க வாசல் வரைக்கும் வந்துருமே"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, வீட்டுக்குள்ள போய் மிச்சம் இருந்த சுண்ணாம்பு டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துட்டு வந்தார்.