நொதிக்கு ஓர் உறை

நொதியை மருந்தாகக் கொடுப்பதில் தொடக்கம் முதலே இரண்டு இடையூறுகள் இருந்தன. வேற்று உயிரின் புரதம் இரத்தத்தில் கலந்ததும் உடல் அதை எதிர்க்கும். அந்த எதிர்ப்புக்குத் தப்பினாலும் அது விரைவில் இரத்தத்திலிருந்து அகற்றப்படும். நொதியை உறைக்குள் வைக்கும் எண்ணம் இதிலிருந்தே பிறந்தது.

1957-இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் சாங், தம் விடுதி அறையையே ஆய்வகமாக்கிக்கொண்டார். வாசனைத் திரவியம் தெளிக்கும் குப்பியும் கொலோடியன் கரைசலும் அவருக்குக் கருவிகளாயின. சிவப்பணுவின் உள்ளடக்கத்தை மெல்லிய சவ்வுக்குள் அடைத்து ‘செயற்கை உயிரணு’வை உருவாக்கினார். சவ்வின் நுண்துளைகளில் சிறு மூலக்கூறுகள் போய்வரும். நொதி வெளியேறாது, எதிர்ப்பொருள் உள்ளே நுழையாது. 1968-இல், கேட்டலேஸ் நொதிக் குறைபாடுள்ள சுண்டெலிகளுக்கு இவ்வாறு அடைத்த நொதியைச் செலுத்திப் பலன் கண்டார்.

அதைவிடச் சிறிய உறை பிரிட்டனிலிருந்து வந்தது. கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாமில் அலெக் பாங்கம், லெசித்தின் என்ற கொழுப்பு நீரில் தானாகவே குமிழிகளாக மூடிக்கொள்வதை 1960களில் கண்டறிந்தார். இவையே லைபோசோம்கள். 1971-இல் லண்டனில் கிரிகோரி கிரிகோரியாடிஸும் பிரெண்டா ரைமனும் அவற்றுக்குள் நொதியை அடைத்து எலிகளுக்குச் செலுத்தினர். பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கியது. மற்ற நோய்களுக்கு இது குறை. நொதிக் குறைபாட்டால் வரும் கோஷே நோய்க்கோ இதுவே தோது. அந்நோயில் கொழுப்பு தேங்குவது அவ்வுறுப்புகளின் விழுங்கணுக்களில்தான். 1970களில் நோயாளிகளிடமும் சோதனை நடந்தது. ஆனால் 1991-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கோஷே மருந்துக்கு உறை இல்லை. நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த நொதியின் சர்க்கரைச் சங்கிலிகளைச் சீவி, மேனோஸ் சர்க்கரை வெளித்தெரியும்படி செய்தார்கள்; விழுங்கணுக்கள் அதை அடையாளம் கண்டு உள்ளிழுத்தன.

இன்னொரு வழியை ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் டேவிஸ் குழு 1977-இல் காட்டியது. பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளை நொதியோடு பிணைத்தால், அவை நீரை ஈர்த்து நொதியைச் சுற்றி மறைப்பாக நிற்கும். மாட்டிலிருந்து எடுத்த அடினோசின் டிஅமினேஸ் நொதி இப்படி மாற்றப்பட்டு, 1990-இல் பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாட்டுக்கு மருந்தானது. வாரம் ஓரிரு ஊசி போதுமானதாக இருந்தது. 1994-இல் இரத்தப் புற்றுநோய்க்கான அஸ்பாரஜினேஸும் இதே வடிவில் வந்தது.

ஆக, முதலில் வென்றது நொதியைப் பூட்டிய கூடு அல்ல, நொதியின் மேல் போர்த்திய போர்வை. மூளை மட்டும் எட்டாமல் நிற்கிறது: சிரையில் ஏற்றும் நொதிகள் பெரும்பாலும் இரத்த-மூளைத் தடையைத் தாண்டுவதில்லை. அதைத் தாண்டவல்ல நானோ துகள்களையே ஆய்வகங்கள் இப்போது தேடுகின்றன.