வானிலே ஓர் அஞ்சல் நிலையம்

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர். வல்லரசுகள் தம் ஆற்றலைக் காட்டுதற்கென விண்கலங்களை ஏவிய காலத்திலே, ஊதியம் கருதாத சிலர் தம் ஓய்வு நேரத்திற் செய்த சிறு பெட்டியொன்றும் உலகைச் சுற்றி வந்தது.

வீட்டிலே கருவி அமைத்து, அரசின் அனுமதி பெற்று, தொலைநாட்டாருடன் உரையாடி மகிழ்வோரைப் பொழுதுபோக்கு வானொலியாளர் என்பர். சிற்றலைகள் வளிமண்டலத்தின் மேலடுக்கிலே தெறித்துத் திரும்பி நெடுந்தொலைவை அடையும். அதிர்வு மிகுந்த அலைகளோ திரும்பாது விண்ணுட் புகுந்துவிடும். அவற்றைக் கொண்டு அடிவானத்துக்கு அப்பாலுள்ளாருடன் பேசுதற்கு வானிலேயே ஓர் அஞ்சல் நிலையம் வேண்டும்.

கலிபோர்னியா வானொலியாளர் சிலர் இப்பணியை மேற்கொண்டனர். 1961 டிசெம்பர் 12ஆம் நாள், அமெரிக்க விமானப்படையின் இராக்கெற்றிலே, சமநிறைக்கென வைக்கும் பாரத்துக்குப் பதிலாக, 10 இறாத்தல் நிறையுடைய ஒஸ்கார் 1 சென்றது. அதன் வலு 140 மில்லிவாற்று மட்டுமே. முதலில் நான்கு புள்ளி, பின்னர் இரண்டு புள்ளி என மோர்சுக் குறியில் அது இடையறாது முகமன் கூறிற்று. கலத்தின் வெப்பநிலைக்கேற்ப அக்குறியின் வேகமும் மாறிற்று. ஏறத்தாழ மூன்று வாரங்களில் மின்கலம் ஓய்வதற்குள், 28 நாடுகளைச் சேர்ந்த 570க்கு மேற்பட்டோர் அதனைக் கேட்டு அறிவித்தனர்.

ஒஸ்கார் 1 பேசியதே தவிரப் பிறர் பேச்சைக் கடத்தவில்லை. அக்குறையை 1965 மார்ச்சில் ஏவப்பட்ட ஒஸ்கார் 3 நீக்கியது. தரையிலிருந்து வந்த அலைகளை ஏற்று, வலுப்படுத்தி, மீண்டும் தரைக்கு அனுப்பியது.

இவ்வகை உரையாடலுக்குப் பொறுமை வேண்டும். செய்மதி இருவரின் வானிலும் ஒரேவேளையில் நிற்கும் சில நிமிடங்களுக்குள் பேசி முடித்தல் வேண்டும். மேலும், செய்மதி அணுகும்போது அலையின் அதிர்வெண் உயர்ந்தும், அகலும்போது தாழ்ந்தும் தோன்றும். இதனைத் தொப்ளர் விளைவு என்பர். வானொலியாளருக்கு இடையூறான இவ்விளைவே பின்னர் உயிர்காக்கும் துணையாயிற்று. அலையின் மாற்றத்தை அளந்து, அபாயக் குறி எழும் இடத்தைக் கணிக்கலாமென்பதை 1970களில் ஒஸ்கார் செய்மதிகளைக் கொண்டு செய்த சோதனைகள் காட்டின. இம்முறையிலமைந்த சர்வதேசச் செய்மதித் திட்டத்தினால், 1982 செப்டெம்பரில் கனடாவிலே சிறு விமானமொன்று வீழ்ந்த இடம் அறியப்பட்டு, மூவர் மீட்கப்பட்டனர்.

1974 நவம்பர் 15இல் ஏவப்பட்ட ஒஸ்கார் 7இன் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. ஆறாண்டுகளுக்கு மேல் உழைத்த அது, 1981இல் மின்கலங்கள் பழுதுற்றமையால் ஊமையாயிற்று. யாவரும் அதனை மறந்தனர். ஆயின் 2002 ஜூன் 21ஆம் நாள் பழைய குரல் மீண்டும் கேட்டது. குறுக்குச்சுற்றினால் மின்சாரத்தை விழுங்கிநின்ற மின்கலத்தின் இணைப்பு அற்றுப்போக, சூரியத் தகடுகளின் மின்சாரம் நேரே கருவிகளை அடைந்ததே காரணமெனக் கருதினர். அதன்பின் ஞாயிற்றொளி படும்போது விழித்தும், நிழல் படியும்போது உறங்கியும், அது பல்லாண்டுகள் மாந்தர் குரலைக் கடத்தி வந்தது.

இருபத்தொரு ஆண்டுகள் இறந்ததாக எண்ணப்பட்ட கலம் எழுந்து பேசியதென்றால், அதனைச் செய்த கைகளின் நேர்மையே அதற்கு அடிப்படை. பொழுதுபோக்கென்று தொடங்கினும், செய்வன திருந்தச் செய்தவர்களின் உழைப்பு வீண்போகவில்லை.