நாலு கோடு போட்ட சட்டை

ஏர்போர்ட்டில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, சக்கரம் வைத்த சின்னப் பெட்டி. தோளில் தங்கக் கோடுகள். மூன்று என்றால் துணை விமானி, நாலு என்றால் கேப்டன். செக்யூரிட்டி வரிசையில் பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற நம்மைத் தாண்டி அவர்கள் நடந்து போகிற மிடுக்கே தனி! 'கொடுத்து வைத்தவர்கள்' என்று ஒரு பெருமூச்சு விடுவோம். கூட வந்த பையனிடம், 'நீயும் நல்லாப் படிச்சு இந்த மாதிரி ஆகணும், என்ன?' என்போம்.

அந்தச் சட்டைக்குள் இருக்கிற ஆளின் சம்பளச் சீட்டை நாம் பார்த்ததில்லை. ஆனால், அமெரிக்க காங்கிரஸ் ஒரு முறை கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லிக் கேட்டது.

2009 ஜனவரி 15. நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்திலிருந்து 155 பேருடன் கிளம்பிய விமானத்தில் வாத்துக் கூட்டம் மோத, இரண்டு இன்ஜின்களுமே படுத்துவிட்டன. கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கர் விமானத்தை அப்படியே ஹட்ஸன் நதியில் இறக்கினார். ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஒரே நாளில் உலக ஹீரோ! பின்னால் ஹாலிவுட்டில் படமே எடுத்தார்கள்.

பிப்ரவரி 24-ம் தேதி காங்கிரஸ் கமிட்டி ஒன்று அவரை அழைத்தது. பாராட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். மனுஷன் வேறு கதையை எடுத்தார். சம்பளத்தில் 40 சதவிகிதம் வெட்டிவிட்டார்கள். பென்ஷன் போயே போச்சு. அதற்குப் பதில் அரசாங்கக் காப்பீட்டிலிருந்து வருவது ஏதோ சில்லறை. தன் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவேண்டும் என்று ஆசைப்படும் ஒரே ஒரு விமானியைக்கூடத் தனக்குத் தெரியாது என்றார். பக்கத்தில் இருந்த துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸ் தன் பங்குக்குச் சொன்னார் - வீடு கட்டித்தரும் கான்ட்ராக்ட் தொழிலையும் சேர்த்துப் பார்ப்பதால், வாரத்தில் ஏழு நாளும் வேலை!

சினிமா ஹீரோ மாதிரி நாம் பார்க்கிற ஒரு வேலை எப்படி இந்தக் கதிக்கு வந்தது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்காவில் விமானி வேலை தபால் மூட்டையோடுதான் ஆரம்பித்தது. 1918-ல் அந்த நாட்டுத் தபால் துறை ஆகாய வழியாகக் கடிதம் அனுப்பத் தொடங்கியது. திறந்த காக்பிட். ரேடியோ கிடையாது. கீழே தெரிகிற ரயில் தண்டவாளம்தான் ரூட் மேப்! மூடுபனி வந்தால் அதுவும் தெரியாது. அடுத்த பத்து வருடத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட விமானிகள் செத்துப்போனார்கள்.

1919 ஜூலையில் நியூயார்க்கில் அப்படியொரு மூடுபனி. இரண்டு விமானிகள், 'இதில் பறக்க முடியாது' என்று மறுத்தார்கள். வாஷிங்டனில் மேஜைக்குப் பின்னால் இருந்த தபால் துறை அதிகாரி ஓட்டோ ப்ரேகர், இரண்டு பேரையும் வேலையிலிருந்து தூக்கினார். தபால் நேரத்துக்குப் போயாக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு! மற்ற விமானிகள் பார்த்தார்கள்... 'நாங்களும் வரலை' என்று ஸ்டிரைக்கில் இறங்கிவிட்டார்கள். சில நாட்களில் சமரசம். பறக்கலாமா கூடாதா என்று தகராறு வந்தால், உள்ளூர் மேனேஜரும் கூடவே ஏறி மேலே போய் வானிலையைப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. இதைவிட நியாயமான தொழிலாளர் ஒப்பந்தத்தை நான் படித்ததில்லை. நம் ஊரில் மேடு பள்ளமாக ரோடு போடுகிறவர்களையும் தினம் அதே ரோட்டில் டூவீலரில் போகச் சொன்னால் எப்படி இருக்கும்!

அடுத்து சங்கம். 1931-ல் டேவிட் பென்கே என்ற விமானி தலைமையில் அது உருவானது. 1934-ல் மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்க வைக்கக்கூடாது என்று தீர்ப்பு வாங்கினார்கள். பிறகு ஜெட் யுகம் வந்தது. டிக்கெட் விலையை அரசாங்கமே நிர்ணயித்ததால் கம்பெனிகளுக்கு நஷ்ட பயமில்லை. கேப்டன்களின் சம்பளமும் ஜெட் வேகத்தில் ஏறியது. நம் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிடுக்கான பைலட், அந்தக் காலத்து ஆள்தான்.

1978-ல் அரசாங்கம் கையை எடுத்துக்கொண்டது. யார் வேண்டுமானாலும் எந்த விலைக்கும் டிக்கெட் விற்கலாம். நமக்கு ஜாலி, டிக்கெட் மலிவு. கம்பெனிகளுக்குள் அடிதடி. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு பெரிய கம்பெனிகள் வரிசையாக திவால் மனு போட்டன. கோர்ட் அனுமதியோடு சம்பளம் வெட்டு, பென்ஷன் ரத்து. சல்லன்பெர்கரின் கம்பெனியே இரண்டு முறை திவால் கோர்ட் படியேறியது.

'பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போக வேண்டியதுதானே?' என்பீர்கள். அங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் விமானிக்கு எல்லாமே சீனியாரிட்டி நம்பர்தான். எந்த விமானம், எந்த ரூட், தீபாவளி மாதிரி நாளில் லீவு கிடைக்குமா, எல்லாவற்றையும் அந்த நம்பர்தான் முடிவு செய்யும். கம்பெனி மாறினால் நம்பர் போச்சு. 19,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த சல்லன்பெர்கரே இன்னொரு கம்பெனியில் சேர்ந்திருந்தால், நேற்று வந்த பையனுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

சம்பளக் கணக்கும் வேடிக்கை. விமானம் வாசலைவிட்டு நகர்ந்ததும் மீட்டர் ஓட ஆரம்பிக்கும். போய்ச் சேர்ந்து நின்றதும் நின்றுவிடும். நடுவில் ஏர்போர்ட்டில் நாலு மணி நேரம் தேவுடு காத்தால்? பெரும்பாலும் பூஜ்யம். நம் ஊர் ஆட்டோவிலாவது வெயிட்டிங் சார்ஜ் உண்டு!

செலவைக் குறைக்கப் பெரிய கம்பெனிகள் இன்னொரு வழி கண்டுபிடித்தன. சின்ன ஊர்களுக்குப் போகிற விமானங்களைச் சின்னக் கம்பெனிகளிடம் கான்ட்ராக்ட் விட்டார்கள். டிக்கெட்டிலும் விமானத்தின் வாலிலும் பெரிய கம்பெனி பெயர். காக்பிட்டில் இருப்பது சின்னக் கம்பெனி விமானி, சின்னக் கம்பெனி சம்பளத்தில்.

சல்லன்பெர்கர் சாட்சி சொன்னாரே, அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால், பிப்ரவரி 12 இரவு, அப்படிப்பட்ட விமானம் ஒன்று நியூயார்க்கை ஒட்டிய நுவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குக் கிளம்பியது. கான்டினென்டல் பெயரில் கோல்கன் ஏர் ஓட்டிய விமானம். தரையிறங்கும் நேரத்தில் வேகம் குறைந்துபோய் அபாய எச்சரிக்கை வந்தது. மூக்கைக் கீழே இறக்கியிருக்க வேண்டிய கேப்டன், மேலே இழுத்தார். விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் போய்விட்டார்கள்.

துணை விமானிக்கு வயது 24. பெயர் வேண்டாம், பாவம். பெற்றோருடன் அவர் இருந்தது சியாட்டில் பக்கம், வேலை நுவார்க்கில். நாட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள தூரம்! முந்தின ராத்திரி சரக்கு விமானத்தில் தொற்றிக்கொண்டு மெம்ஃபிஸ் வந்து, அங்கே இன்னொரு சரக்கு விமானம் மாறி, காலை ஆறரை மணி வாக்கில் வந்து சேர்ந்தார். படுக்கையில் தூங்கவில்லை. உடம்பும் சரியில்லை. 'உடம்பு முடியலைன்னு சொன்னா ஹோட்டல் ரூம் போடணுமே' என்கிற ரீதியில் அவர் பேசியது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. அவருடைய வருடச் சம்பளம் 16 ஆயிரம் டாலர் சொச்சம் என்று விசாரணையில் சொன்னார்கள். அப்புறம் கம்பெனி, 'இல்லையில்லை, 23 ஆயிரத்துக்கு மேல்' என்று திருத்தியது. எதுவாக இருந்தாலும் நியூயார்க் பக்கம் தனி வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. நுவார்க்கைத் தளமாகக் கொண்ட அந்தக் கம்பெனி விமானிகள் 137 பேரில் 93 பேர் இப்படி வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள்தான். பத்துப் பேர் சேர்ந்து படுக்கை போட்டுக்கொள்கிற வாடகை ஃப்ளாட்டுக்கு அங்கே விமானிகள் வைத்திருக்கும் பெயர், 'க்ராஷ் பேட்'. பெயர் வைத்தவர்களுக்கு வாய் கொஞ்சம் அதிகம்!

விபத்துக்குக் காரணம் கேப்டனின் தப்பான எதிர்வினை என்று விசாரணை முடிந்தது. களைப்பும் இருந்திருக்கும், எவ்வளவு தூரம் காரணம் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

இறந்தவர்களின் குடும்பங்கள் இதோடு விடவில்லை. சிவப்பு உடையில், செத்தவர்களின் போட்டோவோடு திரும்பத் திரும்ப வாஷிங்டனுக்குப் போய் உட்கார்ந்தார்கள். 2010-ல் சட்டம் வந்தது. அதுவரை 250 மணி நேரம் பறந்திருந்தாலே துணை விமானியாக உட்காரலாம். இனி 1,500 வேண்டும். வேலைக்கு முன் பத்து மணி நேர ஓய்வு கட்டாயம். அதன் பிறகு 2025 ஜனவரியில் வாஷிங்டனில் ராணுவ ஹெலிகாப்டர் மோதும் வரை, அந்த நாட்டுப் பயணிகள் விமானக் கம்பெனிகளுக்குப் பெரிய உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.

ஒரு விநோதம். விபத்தில் சிக்கிய அந்த இரண்டு பேருமே 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள்! புது விதியின் பாரம் வேறு இடத்தில் விழுந்தது. லட்சம் டாலருக்கு மேல் கடன் வாங்கி லைசென்ஸ் எடுக்கிற பிள்ளைகள், மிச்ச மணி நேரத்தைச் சேர்க்கக் குட்டி விமானங்களில் வருடக்கணக்கில் வாத்தியார் வேலை பார்த்தார்கள். ஆள் வருவது குறைந்தது. கொரோனாவில் பலருக்கு முன்கூட்டியே ரிட்டயர்மென்ட் கொடுத்து அனுப்பிவிட்டு, பிறகு விமானியே இல்லை என்று கம்பெனிகள் கையைப் பிசைந்தன. 2022-ல் சில சின்னக் கம்பெனிகள் புதுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் தர முன்வந்தன.

ஓய்வு விஷயம் மட்டும் எந்த ஊரிலும் சுலபமாக நடக்கவில்லை. 2025 டிசம்பர் நினைவிருக்கிறதா? இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, ஏர்போர்ட் தரையில் சூட்கேஸ்களுக்கு நடுவே ஜனங்கள் படுத்துக் கிடந்தார்களே... விமானிகள் சங்கங்கள் டெல்லி ஹைகோர்ட் வரை போய், புது விதி அமலுக்கு வந்த நேரம் அது. வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த தொடர் ஓய்வு 48 ஆனது. ராத்திரி வேளையில் ஆறு முறை தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. அதற்கு வேண்டிய விமானிகள் கம்பெனியிடம் இல்லை. ராத்திரி விதியை மட்டும் அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை தள்ளிவைத்தார்கள்.