கடனும் கார்டிசாலும்: காஞ்சி நெசவாளர் வாழ்வை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

1904-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சென்னை மாகாணத்துக் காஞ்சிபுரத்தில், இந்திய தேசத்தின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. எட்டு மாதங்கள் கழிந்து, 1905 ஜூனில், லண்டன் நகரிலே எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் உடலியல் பேராசிரியர், ஓர் உறுப்பில் சுரந்து, இரத்தத்தில் கலந்து, தொலைவிலுள்ள வேறோர் உறுப்பை ஏவித் தொழிற்படுத்தும் இரசாயனப் பொருள்களுக்கு ஹார்மோன் என்று பெயரிட்டுப் பேருரை நிகழ்த்தினார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேரான சம்பந்தம் யாதொன்றும் இல்லை. ஆயினும், கடன் ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது என்று கேட்ட பொருளாதாரமும், அச்சம் ஒரு சரீரத்தை என்ன செய்கிறது என்று கேட்ட உடலியலும், நூறாண்டுக் காலம் தனித்தனி வழியே நடந்து, காஞ்சிக்கு அண்டையிலுள்ள மாவட்டங்களின் கரும்புத் தோட்டங்களில் ஒன்றையொன்று சந்தித்தன. அந்தச் சந்திப்பின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

கடனின் கதையை முதலிற் காண்போம். குடியானவரும் நெசவாளரும் கடனில் மூழ்குவது அவர்களுடைய சிக்கனமற்ற சுபாவத்தினால் என்னும் பேச்சு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அரசாங்கத்தாரிடையேயும் படித்தவர்களிடையேயும் பரவலாக இருந்தது. அந்நாளில் சென்னை அரசாங்கத்தின் பொருட்டு ஐரோப்பிய நாடுகளின் கடன் ஸ்தாபனங்களை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மானிய நாட்டு ரைபைசன் வகுத்த முறையை, அதாவது ஒருவரையொருவர் நன்கறிந்த அயலார் கூடிப் பொறுப்பேற்று ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொள்ளும் முறையை, இம்மாகாணத்திற்கு ஏற்றதென்று 1895-இல் தொடங்கி வெளியிட்ட தம் அறிக்கையில் எடுத்துரைத்தார். 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் இத்தகைய ஆலோசனைகளின் பயனாகப் பிறந்தது. அவ்வாண்டே அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் திரூர் கிராமத்துச் சங்கமும், அதனை அடுத்துக் காஞ்சியின் நகரச் சங்கமும் தோன்றின. சங்கம் கண்டவர்களின் உள்ளத்தில் இருந்தது கணக்கு மட்டுமன்று. கடனின் தன்மையை மாற்றினால் கடனாளியின் ஒழுக்கமும் மாறும் என்ற உறுதியான நம்பிக்கையும் அவர்களுக்கு இருந்தது. அந்நம்பிக்கைக்குச் சரீர சாஸ்திரத்தில் ஆதாரம் தேடும் வழி அன்று ஒருவருக்கும் தெரியாது.

இனி அச்சத்தின் கதை. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் என்னும் சிறு சுரப்பிகளின் சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தினால் இரத்த அழுத்தம் திடீரென உயர்வதை 1894-இல் ஆலிவர், ஷேஃபர் என்னும் ஆங்கிலேயர் இருவர் கண்டனர். அச்சாற்றின் சாரமான அட்ரீனலினை ஜப்பானியரான தகாமினே 1901-இல் தூய பொருளாகப் பிரித்தெடுத்து வெளியிட்டார். குரைக்கும் நாயின் முன் வைக்கப்பட்ட பூனையின் இரத்தத்தில் அச்சுரப்பியின் சாறு மிகுவதை ஹார்வர்டில் கண்ட வால்டர் கானன், நோவு, பசி, அச்சம், சினம் ஆகியவை உடலில் விளைக்கும் மாறுதல்களைப் பற்றி 1915-இல் வெளியிட்ட நூலில், இம்மாறுதல்கள் யாவும் போரிடவோ ஓடித் தப்பவோ உயிரை ஆயத்தம் செய்பவை என்று விளக்கினார். பகைவன் எதிர்ப்பட்டு, பின் அகன்றுவிடும் சந்தர்ப்பத்திற்கு இவ்விளக்கம் முற்றிலும் பொருந்தும். அகலாத பகைக்கு, மாதந்தோறும் வாயிலில் வந்து நிற்கும் வட்டிக்கு, இது போதாது.

அக்குறையை நிரப்பியவர் ஹான்ஸ் செலியே. கனடாவின் மான்ட்ரீல் நகரில், எலிகளுக்குப் பலவித ஊறுகளைச் செய்து பார்த்த அவர், ஊறு எதுவாயினும், அட்ரீனல் சுரப்பி பருத்தல், தைமஸ் என்னும் சுரப்பி சுருங்குதல், இரைப்பையில் புண் உண்டாதல் ஆகிய மூன்று குறிகள் மாறாமல் தோன்றுவதை 1936-இல் ஒரு சிறிய கடிதமாக 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டார். அச்சுரப்பியின் புறணியிலிருந்து பெறப்படும் பொருள்களை ஆராய்ந்து, கார்டிசோனை மருத்துவத்திற்குக் கொண்டுவந்த கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவர் 1950-இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வகைப் பொருள்களில் மனித உடலின் நெருக்கடியோடு மிகுந்த சம்பந்தமுடையது கார்டிசால். மூளையின் அடிப்பாகத்திலுள்ள ஹைபோதலமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியை ஏவ, பிட்யூட்டரி அட்ரீனலை ஏவ, அதன் பயனாகச் சுரக்கும் கார்டிசால், கல்லீரலிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் இறக்கி, அவசரத்திற்கு உடனே பயன்படாத காரியங்களையெல்லாம் ஒத்திவைக்கச் செய்கிறது.

ஆனால் இச்சுரப்பு உடலோடு நிற்பதன்று. ஏவிய மூளைக்கே அது திரும்பி வருகிறது. நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி இவ்வகை ஹார்மோனைப் பற்றி ஏற்றுக்கொள்வதை 1968-இல் புரூஸ் மெக்யூவன் தெரிவித்தபோது, சுரப்பிகளின் சாஸ்திரமும் மனத்தின் சாஸ்திரமும் ஒன்றாயின எனலாம். நம் நாட்டிலேயே, பெங்களூரில், சுமந்த்ர சட்டர்ஜியும் அவருடைய சகாக்களும் நெடுநாள் நெருக்கடிக்கு உட்படுத்திய எலிகளைச் சோதித்து, ஹிப்போகாம்பஸின் நரம்பணுக் கிளைகள் சுருங்கும் அதே வேளையில், அச்சத்திற்கு இருப்பிடமான அமிக்டலாவின் கிளைகள் வளர்ந்து பெருகுவதை 2002-இல் வெளியிட்டனர். நினைவு குன்ற அச்சம் தழைக்கிறது என்னும் இந்த முடிவை நான் படித்த அளவில் இத்துறையின் மிகத் துயரமான கண்டுபிடிப்பாகவே கருதுகிறேன்.

மனிதரின் சமூக நிலைக்கும் கார்டிசால் சுரப்புக்கும் உள்ள தொடர்பு வேறு வழியால் தெரிய வந்தது. 1967-இல் தொடங்கி, பிரிட்டிஷ் அரசாங்க ஊழியரான ஆடவர் ஏறத்தாழ 18,000 பேரைத் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆராய்ச்சியில், கீழ்ப்படியிலுள்ளோரின் மரண விகிதம் மேற்படியிலுள்ளோருடையதைப்போல் மும்மடங்காக இருந்தது. புகையும் கொழுப்பும் இவ்வேற்றுமையின் ஒரு பகுதிக்கே காரணமாயின. ஆப்பிரிக்காவில் பபூன் குரங்குகளை 1978 முதல் ஆராய்ந்த ராபர்ட் சபோல்ஸ்கி, வரிசை நிலைத்த கூட்டங்களில் தாழ்ந்த நிலையிலுள்ள குரங்குகளின் இரத்தத்தில் இவ்வகை ஹார்மோன் மிகுந்திருக்கக் கண்டார். அவர் லிசா ஷேருடன் 2004-இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் விசேஷமானது: ஒரு கூட்டத்தின் மூர்க்கமான ஆண்கள் காசநோயால் மடிந்தபின் அக்கூட்டத்தின் நடத்தை சாந்தமடைந்தது, பிற்பாடு வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஆண்களும் அச்சாந்தத்தையே கைக்கொண்டன, தாழ்ந்த நிலையிலிருந்தவற்றின் சரீரத்தில் நெருக்கடியின் குறிகளும் குறைந்து காணப்பட்டன. இரசாயனம் நடத்தையை ஆள்வதைப் போலவே, கூட்டத்தின் ஏற்பாடு இரசாயனத்தை ஆள்கிறது என்பதற்கு இது பிரத்தியட்சச் சான்று.

தமிழ்நாட்டு ஆராய்ச்சிக்கு வருவோம். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து, 2013-இல் 'சயன்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். கரும்பு விவசாயிக்குப் பணம் ஆண்டுக்கொரு முறை வருவது. வெட்டு உத்தரவு ஆலையிலிருந்து வருவதால், அண்டைத் தோட்டக்காரர்களுக்கே வெவ்வேறு மாதங்களில் அறுவடை நேரும். ஆதலால், பருவம், பண்டிகை ஆகியவற்றின் விளைவைக் கடனின் விளைவோடு குழப்பிக்கொள்ளாமல் பிரித்தறிய முடிந்தது. அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தனர். பின்னர் நூற்றுக்கு 4 பேரே. அதே மனிதர்கள், அறுவடைக்கு முன், யுக்தியைச் சோதிக்கும் பரீட்சையில் குறைந்த மதிப்பெண் பெற்றனர். அறுவடைக்குப் பின் தேறினர். அவர்களில் ஒரு பகுதியினரின் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் அறுவடைக்கு முன் மிகுந்திருந்தன. எனினும், அந்நெருக்கடியைக் கணக்கில் எடுத்துக் கழித்தபின்னும் அறிவின் தளர்ச்சி மறையவில்லை என்று ஆசிரியர்கள் நேர்மையோடு குறிப்பிட்டனர். பணக்கவலை மனத்தின் கவனத்தையே அபகரித்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்ட காரணம். ஆகவே கார்டிசால் ஒன்றையே கடனாளியின் துன்பத்திற்கெல்லாம் மூலமென்று சொல்வது ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. ஆயினும் கென்யாவில் மழை பொய்த்த காலத்தில் விவசாயிகளின் உமிழ்நீரில் கார்டிசால் உயர்ந்ததென்று அதே 2013-இல் வெளியான ஆராய்ச்சி, வருவாயின் நிச்சயமின்மைக்கும் இச்சுரப்புக்கும் உள்ள பிணைப்பை அளந்து காட்டியது.

இந்த முடிவுகளைக் கையிற்கொண்டு காஞ்சியின் தறிக்குத் திரும்புவோம். முதலாளியிடம் பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் பெற்றுக் கூலிக்கு நெய்பவர் வாங்கும் முன்பணம், பெயரளவில் கடன். நடைமுறையில், அது தீரும்வரை வேறிடம் செல்ல இயலாத தளை. 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னும், முன்பணத்தின் பொருட்டுச் சிறுவர் சிறுமியர் பட்டுத்தறிகளில் அமர்த்தப்பட்டிருந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஸ்தாபனம் 2003-ஆம் ஆண்டு அறிக்கையில் காஞ்சிபுரத்தையும் சேர்த்தே விவரித்தது. வளரும் மூளையில் நீடித்த நெருக்கடி பதிக்கும் சுவடு முதிர்ந்தோருக்கு நேர்வதினும் ஆழமானது என்பதை நினைக்கும்போது, அத்தறிகளில் கழிந்த பால்யங்களுக்கு எந்தக் கூலியும் ஈடாகாது என்றே சொல்ல வேண்டும்.

நம்பிக்கைக்கும் ஓர் இரசாயனம் உண்டென்று சிலர் கூறுவர். பிரசவத்திலும் தாய்ப்பால் சுரப்பிலும் தொழிற்படும் ஆக்சிடோசினை மூக்கின் வழியே செலுத்தினால் அந்நியரிடம் பணத்தை நம்பிக் கொடுக்கும் மனப்பான்மை மிகும் என்று 2005-இல் ஸூரிக் ஆராய்ச்சியாளர் வெளியிட்டது உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் 2020-இல் பெருந்தொகையினரிடம் மறுபடியும் சோதித்தபோது அவ்விளைவு கிட்டவில்லை. நம்பிக்கையை மருந்தாகத் தெளிக்க முடியாதென்பதில் எனக்கு வியப்பில்லை. உடலையும் கரையையும் வெவ்வேறு ஊடையால் நெய்து கோக்கும் கோர்வை வேலையில், அருகருகே அமர்ந்த இருவர் ஒருவர் கையை ஒருவர் எதிர்பார்த்து நாள் முழுதும் நாடா வீசும் பழக்கத்திலிருந்தும், கணக்கு ஒழுங்காக வாசிக்கப்படும் சங்கக் கூட்டத்திலிருந்தும் விளையும் நம்பிக்கையே நிலைபெறுவது.

காஞ்சியில் இத்தகைய ஆராய்ச்சி ஒன்றை நடத்துவதற்குச் சூழ்நிலையே வழி வகுத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் ஈரம் ஊறிப் பாவு நீட்ட இயலாமல் வேலை நின்றுபோகிறது. தை பிறந்து கல்யாண முகூர்த்தங்கள் நெருங்கினால் கூலி கைக்கு வருகிறது. தலைமயிர் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வது; மூன்று சென்டிமீட்டர் மயிரில் மூன்று மாதத்துக் கார்டிசால் பதிந்திருக்கும்; ஊசி குத்த வேண்டிய அவசியமுமில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கூலியும் சேமிப்பும் பெறும் நெசவாளரையும், முன்பணத்திற்குக் கட்டுப்பட்டு நெய்பவரையும், மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறையும் முகூர்த்தக் காலம் முடிந்ததும் ஒரு முறையும் இவ்வாறு அளந்து, அவ்விரு காலங்களிலும் அவர்கள் குடும்பத்தில் எழும் சச்சரவையும், பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற நாட்களையும், வாங்கிய புதுக்கடனையும் உடன் குறித்துவந்தால், 1904-இல் காஞ்சியில் சங்கம் கண்டவர்கள் நம்பிய காரியத்தை எண்ணிக்கைகளால் பரிசோதிக்கலாம். கைத்தறித் துறையும் ஏதேனும் ஒரு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து எடுத்துக்கொண்டால், ஓராண்டில் முடியக்கூடிய வேலை இது.